ஒயரைப் பிடுங்காதீர்கள்

ஐந்தாவது ஆள் நான். இடது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முதலாளி சின்னவர் சொன்ன உடனேயே எண்ணிப் பார்த்துவிட்டேன்: லாவண்யா, குப்புராஜ், சகாயமேரி, இளங்கோ, அப்புறம் நான். ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். நம் கம்பெனி செய்த போன் ஏன் விற்கவில்லை, வாங்கினவர்கள் ஏன் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் இருக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். கடிதத்தில் மொத்தமே ஐந்து வரி. பேட்டரி தரமாக இல்லாததால் சபரிநாதன் கம்பெனியோடு இன்றோடு தொடர்பை முடித்துக்கொள்கிறோம் என்று இருக்கிறது. கடைசியில் என் பெயர், தில்லைநாயகம், சோதனைப் பிரிவுத் தலைவர், அதற்கு மேலே ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் கடிதம் செல்லாது. சபரிநாதன் வெளியே சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக் கதவில் முக்கால்வாசிக்கு வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டதால் அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிகின்றன, பழுப்பு நிறச் செருப்பு, வலது பாதம் ஆடிக்கொண்டே இருக்கிறது. இருபது வருஷமாக நமக்கு பேட்டரி கொடுக்கிற மனிதர். அவர் பட்டறையில் நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள், அதில் முப்பது பேருக்கு நம் ஆர்டர்தான் வேலை. கடிதத்தில் இருப்பது பொய். பேட்டரியில் ஒரு குறையும் கிடையாது. குறை என்னுடையது. இது இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், போன சனிக்கிழமையிலிருந்து தெரியும், இன்று வியாழன், ஐந்து நாளாக வயிற்றில் அரைத்த மாவு மாதிரி புளித்துக்கொண்டிருக்கிறது.

லாவண்யா எழுந்து நின்று பேசுகிறாள். விளம்பரப் பிரிவு என்பதால் நின்றால்தான் அவளுக்குப் பேச்சு வரும். போனுக்கு வைத்த நீலா என்கிற பெயர்தான் காரணம், பெயரில் வேகம் இல்லை என்கிறாள். பெரியவர், அதாவது சின்னவரின் அப்பா, முப்பது வருஷத்துக்கு முன்னால் அம்பத்தூரில் இந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது தனக்குப் பிடித்த ராகத்தின் பெயரை வைத்தார், நீலாம்பரி கம்ப்யூட்டர்ஸ். தாலாட்டுக்குப் பாடுகிற ராகம். பாங்குகளிலும் கல்லூரிகளிலும் எங்கள் கம்ப்யூட்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து நன்றாகத்தான் வேலை செய்தது, பெயரால் ஒரு கெடுதலும் வரவில்லை. போனுக்கு அதையே சுருக்கி நீலா என்று வைத்ததும், அது மூன்று மணி நேரத்தில் அணைந்துபோவதும், கடைக்காரர்கள் நீலா தூங்கிட்டா என்று சிரிப்பதும், இதெல்லாம் பெயர் செய்த வேலையா. லாவண்யா சொல்வதைச் சின்னவர் எழுதிக்கொள்கிறார். இந்தக் கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறார். நல்ல பையன். பையன் என்ன பையன், நாற்பத்தொரு வயது. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது, இனிமேல் உலகம் சட்டைப் பைக்குள்தான் என்றார், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு என்ன செய்தோம், கம்ப்யூட்டர் செய்கிற மாதிரியே போனும் செய்தோம். பெட்டிக்குள் தூசி படாமல் மூட ஒரு பிளாஸ்டிக் உறை. நான்கு திருகாணி, அதற்கு ஒரு குட்டி ஸ்குரூ டிரைவர். அணைக்கப் போனால் நிச்சயமாக அணைக்க வேண்டுமா என்று மூன்று தடவை கேட்கும். வெளியீட்டு விழாவில் வழக்கம்போல எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, முதல் போனுக்குச் சந்தனம் குங்குமம் இட்டோம். கம்ப்யூட்டருக்கு மானிட்டர் நெற்றியில் இடுவோம். போனுக்கு நெற்றி எது என்று யாருக்கும் தெரியவில்லை, நான்தான் பின்பக்கம் கறுப்பாக ஒரு வட்டம் இருந்ததைப் பார்த்து அதில் இட்டேன். அது கேமரா. மந்திரியோடு சின்னவர் நின்று எடுத்த முதல் படத்தில் இரண்டு பேரும் ரத்தக் களரியில் நிற்கிற மாதிரி வந்தது. அதையும் நான்தான் செய்தேன், அதையும் யாரும் என்னைக் கேட்கவில்லை. பார்க்கப்போனால் இந்தக் கம்பெனியில் எதைச் செய்தாலும் என்னை யாரும் கேட்பதில்லை. தில்லை சார் பார்த்துட்டாரா, அப்ப சரி. இதுதான் வழக்கம். லாவண்யா உட்கார்ந்தாள், கையெழுத்துப் போட்டாள், தாள் சர்ரென்று குப்புராஜிடம் போனது. ஒன்று முடிந்தது.

குப்புராஜ் பேச ஆரம்பிக்கும்போது எங்கிருந்தோ விர்ர் விர்ர் என்று ஒரு அதிர்வு. சகாயமேரி தவிர நான்கு பேருமே கால்சட்டைப் பையை அமுக்கிக்கொண்டோம். ஆளுக்கு இரண்டு போன். சட்டைப் பையில் நீலா, சின்னவர் பார்க்க. கால்சட்டைப் பையில் வேறு கம்பெனி போன், வீட்டில் பேச. சகாயமேரிக்குப் பை இல்லாததால் சாப்பாட்டுக் கூடையில் தயிர் டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பாள், சில சமயம் அவளுடைய தயிர்சாதம் அதிரும். இப்போது அதிர்ந்தது யாருடையது. என்னுடையது இல்லை, நான் வரும்போதே அணைத்துவிட்டேன், அணைத்தேனா, கோமதி கூப்பிட்டால் என்ன செய்வேன், காலையில் கிளம்பும்போதே கேட்டாள், என்ன ஒரு மாதிரியா இருக்கீங்க என்று. ஒன்றுமில்லை, வாயு என்றேன். ஐந்து நாளாக வாயு என்கிறேன், அவளும் ஐந்து நாளாகப் பூண்டு ரசம் வைக்கிறாள். அதிர்வு நின்றது. சின்னவர் தலையைக் குனிந்து ரொம்ப அக்கறையாக எழுதிக்கொண்டிருக்கிறார், காது மடல் சிவந்திருக்கிறது. ஐயோ பாவம், அவருக்கும் இரண்டா. குப்புராஜ் சொல்கிற காரணம் கடைக்காரர்கள். கம்ப்யூட்டர் விற்கிற கடையில் போனைக் கொடுத்தால் அதைக் கண்ணாடி பீரோவில் பூட்டிவைத்துவிடுகிறார்களாம், யாராவது கேட்டால் சாவி முதலாளியிடம் இருக்கிறது என்கிறார்களாம். உண்மைதான். ஆனால் அதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம், அதைச் சொல்லிவிட்டு எதற்குச் சபரிநாதனை முடிக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறான். போட்டுவிட்டான். பெரிய கையெழுத்து, அடியில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை அழுத்தி வைக்கிறான். வெளியே செருப்பு ஆடிக்கொண்டே இருக்கிறது.

சகாயமேரியைப் பார்த்தால்தான் பயம். சர்வீஸ் பிரிவு, திரும்பி வந்த போன்களை எல்லாம் பிரித்துப் பார்த்தவள் அவள்தான், மூளைக்காரி. பேட்டரியைச் சோதித்தால் நன்றாகத்தான் இருக்கிறது சார், எனக்கே புரியவில்லை என்று மெல்லிய குரலில் சொல்கிறாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாளா, இல்லை, எனக்குப் பின்னால் சுவரில் இருக்கும் பெரியவர் படத்தைப் பார்க்கிறாள். படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த விளக்கின் ஒயரும், மேஜை நடுவில் பளபளவென்று கிடக்கிற நீலாவின் ஒயரும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரே பிளக் பாயிண்டில்தான் செருகியிருக்கின்றன. அதற்கு மேலே தாள் ஒட்டியிருக்கிறது. ஒயரைப் பிடுங்காதீர்கள், நிர்வாகம். சிவப்பு மையில், அச்சடித்த மாதிரி எழுத்து. என் எழுத்து. இந்தக் கட்டடத்தில் எத்தனை பிளக் பாயிண்ட் உண்டோ அத்தனைக்கு மேலேயும் என் எழுத்து இருக்கிறது. போன சனிக்கிழமை அரக்கோணத்தில் கோமதியின் தங்கை வீட்டு கிரகப்பிரவேசம். ரயிலில் போகும்போது சட்டைப் பையில் நீலா இருந்தது. ஏறும்போது நூறு என்று காட்டியது. அங்கே கணபதி ஹோமம் முடிவதற்குள் கறுப்பாகிவிட்டது, மூன்று தடவை கேட்கிற போன் ஒரு தடவைகூடக் கேட்காமல் அணைந்துபோனது. கோளாறான போன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, இந்த எட்டு மாதத்தில் ஒரு நீலாவை ஒயர் இல்லாமல் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேஜையில் இருந்தால் செருகியிருக்கும். வீட்டுக்குப் போனால் செருகிவிடுவேன், அதற்குள் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இலை போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாக லேபுக்குப் போய்ப் பார்த்தேன். நாற்பது போன் வரிசையாகப் படுத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர், மேலே என் அறிவிப்பு. இருபத்திநான்கு மணி நேரம் ஓட வேண்டும் என்பது சோதனை. ஓடியது. எப்படி ஓடாமல் இருக்கும், செருகியபடியே இருந்தால் கிரைண்டர்கூட ஓடும். நானூறு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இருபத்திநான்கு மணி நேரம் ஓடியது, தேர்ச்சி, தில்லைநாயகம். அந்தத் தாளை நம்பித்தான் இவ்வளவு சின்ன பேட்டரி போதும் என்று சபரிநாதனுக்கு ஆர்டர் போனது. அவர் அன்றைக்கே போன் பண்ணிக் கேட்டார், சார், இந்த சைஸ் போதுமா, தப்பா எடுத்துக்காதீங்க, சின்னதா இருக்கே என்று. நான் என்ன சொன்னேன். இருபத்திநாலு மணி நேரம் ஓடியிருக்கு, ரிப்போர்ட் இருக்கு, நாங்க சொன்னதை மட்டும் செய்யுங்க என்றேன். அதுவும் அந்தக் குரலில். எனக்கென்று ஒரு குரல் இருக்கிறது, அதைக் கேட்டால் ஜூனியர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள், எனக்கு அதில் ஒரு பெருமை. எட்டு மாதத்தில் ஒருத்தன், லேபில் இருக்கிற பதினோரு பேரில் ஒருத்தன், அந்த ஒயரைக் கழற்றிப் பார்க்கலாமே என்று நினைக்கவில்லை. எப்படி நினைப்பான். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். சாப்பாட்டு நேரம் எப்போது என்பதற்கு முன்னால், கழிவறை எங்கே என்பதற்கு முன்னால், இங்க யாரும் ஒயரைப் பிடுங்கக் கூடாது. ஏன் என்று யாராவது கேட்டால் தொண்ணூற்று நாலு ஆயுத பூஜை கதையைச் சொல்வார்கள். வாட்ச்மேன் ஆரோக்கியம் சீரியல் பல்பு போடுவதற்காக சர்வர் ஒயரைப் பிடுங்கிவிட்டான், மூன்று நாள் வேலை மொத்தமும் அழிந்துபோனது, பெரியவர் அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த கதை. சீரியல் பல்பு போட்டது ஆரோக்கியம் இல்லை. அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, சேர்ந்து இரண்டு வருஷம், பல்பு மினுக்க வேண்டும் என்று எனக்குத்தான் அவசரம். பெரியவர் வந்து நின்று யார் என்று கேட்டபோது ஏணிக்குப் பக்கத்தில் இருந்தவன் அவன், பொரி கடலைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை, நான் சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தான். என் வாயில் பொரி இருந்தது என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொரி கரைய எவ்வளவு நேரம் ஆகும். மறுநாள் பெரியவர், உன் கையெழுத்து அழகாக இருக்கிறது, அறிவிப்பு எழுது என்றார். நூற்றிருபது தாள் எழுதினேன்.

இளங்கோ தொண்டையைச் செருமுகிறான். அடுத்தது நான். இளங்கோ கொள்முதல் பிரிவு, கடிதத்தை டைப் அடித்ததே அவன்தான், அதனால் சுருக்கமாகப் பேசுகிறான். பேட்டரி மட்டம் சார், வேறு இடத்தில் பேசியாச்சு சார், ஆளை வெளியே உட்கார வைத்திருக்கிறேன், கையெழுத்தானதும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்கிறான். எவ்வளவு சுலபமாக இருக்கிறது. போட்டுவிட்டால் என்ன. சபரிநாதன் கெட்டிக்காரர், எங்காவது பிழைத்துக்கொள்வார். ஆரோக்கியமும் பிழைத்துக்கொண்டிருப்பான் என்றுதான் அப்போதும் நினைத்தேன், போய்ப் பார்க்கவில்லை, பாடியில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள், பாடி இங்கிருந்து ஒரு பஸ் ஸ்டாப், இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பஸ் ஸ்டாப் போக எனக்கு நேரமில்லை. சொன்னால் என்ன ஆகும். வேலை போகும். போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, ஓய்வுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. வேலைகூடப் பரவாயில்லை, சிரிப்பார்கள். சிரிப்பார்களே, அதைத்தான் தாங்க முடியாது. எட்டு மாசம் ஒயரோட டெஸ்ட் பண்ணாராம் என்று குப்புராஜ் ஊர் ஊராகக் கடைக்காரர்களிடம் சொல்வான், அவன் குரலை மாற்றிப் பேசுவதில் சூரன், என் குரலில் சொல்வான். உடம்பு சரியில்லை என்று எழுந்து போகலாமா. வாயு என்று சொல்லலாம், ஐந்து நாள் ஒத்திகை பார்த்தாயிற்று. தாள் வந்துவிட்டது. இளங்கோ பேனாவையும் மூடி திறந்து மேலே வைத்துத் தள்ளியிருக்கிறான், அவ்வளவு மரியாதை. கோட்டுக்குக் கீழே தில்லைநாயகம் என்று என் பெயர் கச்சிதமாக இருக்கிறது. தில்லை சார், உங்க காரணம் என்ன என்று சின்னவர் கேட்கிறார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொரி இல்லை, ஒன்றுமில்லை, வாய் காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. கதவுக்குக் கீழே பார்த்தேன். செருப்பு ஆடுவது நின்றிருந்தது. பேச்சு வரவில்லை என்றால் கையாவது வரட்டும் என்று நாற்காலியிலிருந்து குனிந்து, என் எழுத்துக்குக் கீழே கையை விட்டு, ஒயரைப் பிடுங்கினேன்.

இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. பெரியவர் படத்து விளக்கு அணைந்தது. நீலா டிங் என்று ஒரு சத்தம் போட்டது. நான்கு பேரும் பதறி எழுந்துவிட்டார்கள், சகாயமேரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், சின்னவர்கூடப் பாதி எழுந்து அந்தரத்தில் நின்றார். இளங்கோ என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தில்லை சார், என்ன பண்றீங்க, ஒயரு."

"இதைத்தான் எட்டு மாசமா யாரும் பண்ணல," என்றேன். குரல் வந்துவிட்டது, என்னுடைய அந்தப் பெரிய குரல் இல்லை, ஏதோ ஒரு குரல். "லேப்ல நாப்பது போனும் ஒயரோடதான் சார் ஓடிச்சு. அதுக்குத்தான் நான் பாஸ் போட்டேன். சபரிநாதன் பேட்டரி சின்னதா இருக்கேன்னு கேட்டாரு, நான்தான் அவர் வாயை அடைச்சேன். பேட்டரி மேல தப்பு இல்ல."

குப்புராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டான், அதற்குள் என் குரலைப் பழக ஆரம்பித்துவிட்டான் என்று நினைக்கிறேன். சின்னவர் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். கல்லூரி நாளிலிருந்து பார்த்த தாள், இன்றைக்குத்தான் படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இது யார் எழுதினது என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். ஆரோக்கியம் பிடுங்கினதுக்கு அப்புறம் அப்பா எழுதச் சொன்னதா என்று கேட்டார்.

இப்போது பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டினால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் வாய் திறந்தது திறந்ததுதான், மூட வரவில்லை.

"அதுவும் நான்தான் சார். ஆரோக்கியம் ஏணியைத்தான் பிடிச்சிருந்தான்."

சின்னவர் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் கால்சட்டைப் பைக்குள் செருகப் பார்த்தார், உள்ளே ஏற்கெனவே ஏதோ இருந்ததால் போகவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். லேபில் இருக்கிற எல்லா அறிவிப்பையும் நாளைக் காலைக்குள் நீங்களே கிழித்துவிடுங்கள் தில்லை சார், நீங்கள் ஒட்டினது என்றார். அதன் பிறகு என்ன செய்வது என்று யோசித்துச் சொல்கிறேன் என்றார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியவில்லை, ஆனால் பசித்தது. ஐந்து நாளுக்குப் பிறகு பசித்தது. சாயங்காலம் பாடி ஸ்டாப்பில் இறங்க வேண்டும். இறங்கி என்ன சொல்வது என்பதை பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.

இளங்கோ போய்க் கதவைத் திறந்தான். சபரிநாதன் உள்ளே வந்தார். செருப்பை வெளியிலேயே விட்டிருந்தார். அவர் கையில் ஒரு பைல், அதற்குள் அந்த பேட்டரிக்கு என்னென்ன அளவு கேட்டிருந்தோம் என்கிற தாள்கள் இருக்கும், என் கையெழுத்தோடு. முகம் வெளுத்திருந்தது. எல்லோரும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து இன்னும் வெளுத்தது. உட்காருங்க, நாங்கதான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும் என்று சின்னவர் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் பார்வை பெரியவர் படத்துக்குப் போனது, விளக்கு எரியவில்லை. அங்கிருந்து சுவரோடு கீழே இறங்கி, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்த இரண்டு ஒயருக்கு வந்தது. இருபது வருஷமாக இந்தக் கட்டடத்துக்கு வந்துபோகிறவர், அவருக்குத் தெரியாதா. பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று பதவிசாகக் குனிந்தார்.

"சார், ஒயரு கழண்டிருக்கு," என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, முதலில் பெரியவருடையதையும் பிறகு நீலாவுடையதையும் செருகினார்.